கடல்நீர் மீன் தொட்டிக்குள் ஒரு பாறைச்சுவர்

கடல்நீர் மீன் தொட்டியின் பின்கண்ணாடி வழியே வீட்டுச் சுவரும் பம்பு வயர்களும் வடிகட்டிக் குழாய்களும் தெரியும். வெளிப்பக்கம் நீலத் தாள் ஒட்டி அவற்றை மறைத்துவிடலாம். ஆனால் அந்தத் தாளால் பார்ப்பவருக்குத்தான் பயன், மீனுக்கு ஒன்றுமில்லை. பவளத்திட்டு மீன்களில் பல திறந்த நீரில் திரிபவை அல்ல. டாம்செல், கோமாளி மீன், கோபி, பிளென்னி போன்றவை தங்கள் இடுக்கை விட்டு அதிக தூரம் போவதில்லை. ஆபத்தென்றால் நொடியில் உள்ளே புகுந்துவிடும். பின்கண்ணாடியின் உள்பக்கத்தில் மேடும் பள்ளமும் பொந்தும் திண்டுமாக ஒரு பாறைச்சுவரை எழுப்பினால் அவற்றுக்கு ஒதுங்க இடம் கிடைக்கிறது, நீரைத் தூய்மையாக்கும் பாக்டீரியாக்களுக்குப் பற்றிக்கொள்ளப் பரப்பு கிடைக்கிறது, வயரும் குழாயும் கண்ணில் படாமல் போகின்றன. ஆயத்தச் சுவர்ப் பலகைகள் விற்பனைக்கு உண்டு. என்றாலும் தொட்டியின் அளவுக்கும் அதில் வாழப்போகும் மீனுக்கும் ஏற்றபடி கையால் செய்யும் சுவருக்கு அவை ஈடாவதில்லை. வேலை கடினமானதல்ல. ஆனால் மிதப்பு விசை, சிமெண்டின் வேதியியல், நீரோட்டம் இவை மூன்றையும் முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும். தொட்டியில் நீர் நிரம்பிய பிறகு சுவரைத் திருத்த அநேகமாக வழியே இல்லை.

செயற்கைப் பாறை என்பது பழைய எண்ணம்தான். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் முதல் பொது மீன் காட்சியகம் 1853இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘தி அக்வேரியம்’ நூல் கடல்நீர்த் தொட்டியை ஆங்கிலேயர் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் 1907இல் திறந்த விலங்குப் பூங்காவில் கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாகச் செயற்கைக் குன்றுகள் எழுந்தன. ஏறக்குறைய அதே காலத்தில், சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்யும் கலைஞராக இருந்த கார்ல் ஏக்லி, சிமெண்ட் கலவையைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சியடிக்கும் கருவியை உருவாக்கி 1911இல் காப்புரிமை பெற்றார். பெரிய காட்சியகங்களின் பாறை முகப்புகளை உருவாக்க இன்றும் அந்த முறை பயன்படுகிறது. வீட்டுத் தொட்டிக்குத் தூரிகையும் கையுறையும் போதும்.

இயற்கைப் பாறையையே அடுக்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், பாக்டீரியாவும் பாசியும் சிற்றுயிர்களும் நிறைந்த கடற்பாறைத் துண்டுகளை வைத்தே தொட்டி நீரைத் தூய்மையாக வைத்திருக்க முடியும் என்று 1961இல் எழுதினார். ‘உயிர்ப்பாறை’ என்று பெயர் பெற்ற அந்தத் துண்டுகளுக்காக அடுத்த சில பத்தாண்டுகளில் உலகின் பல பவளத்திட்டுகள் உடைக்கப்பட்டன. ஃபுளோரிடா மாநிலம் தன் கடற்பரப்பில் உயிர்ப்பாறை எடுப்பதை 1989இல் தடைசெய்தது. இந்தியாவில் திட்டுக் கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கரை ஒதுங்கிய பவளத் துண்டை எடுத்து வந்து தொட்டியில் வைப்பதும் சட்டத்தின் பிடிக்குள் வரும் செயலே. இந்தக் கண்டிப்பு எவ்வளவு தேவை என்பதற்கு மன்னார் வளைகுடாவே சாட்சி. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல பத்தாண்டுகள் அங்கே பவளப்பாறை வெட்டியெடுக்கப்பட்டது. அங்குள்ள 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவைக் காப்பாற்ற அதைச் சுற்றிக் காங்கிரீட் செயற்கைத் திட்டுகளை இறக்க வேண்டியதாயிற்று. அந்தக் காங்கிரீட்டின் மேல் பவளமும் மீனும் வந்து சேர்கின்றன என்பது, சிமெண்ட் பாறையைக் கடல் உயிர்கள் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு நல்ல சான்று.

வேலை தொடங்கும் முன் தொட்டியின் ஆழத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. அதனால் முன்கண்ணாடி வழியே நேராகப் பார்க்கும் கண்ணுக்கு நீருக்குள் இருக்கும் எல்லாமே முக்கால் தொலைவில்தான் தெரியும். 60 செ.மீ. அகலத் தொட்டி 45 செ.மீ. போலவே தோன்றும். அதில் 8 செ.மீ. கனமுள்ள சுவர் எழுப்பினால் எஞ்சும் 52 செ.மீ., பார்வைக்கு 39 ஆகிவிடும். சுவரில் 8 செ.மீ. துருத்தி நிற்கும் திண்டும் 6 செ.மீ. துருத்தலாகவே தெரியும். ஆக, சுவர் தொட்டியை அகலத்திலும் குறுக்குகிறது, தோற்றத்திலும் குறுக்குகிறது. 45 செ.மீ.க்குக் குறைவான அகலமுள்ள தொட்டிகளில் சராசரி 3 அல்லது 4 செ.மீ. கனத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பெரிய தொட்டியிலும் சுவர் முழுக்க ஒரே கனத்தில் இருக்கத் தேவையில்லை. ஓரிரு இடங்களில் மட்டும் 15 செ.மீ. வரை முன்னே வரட்டும், மற்ற இடங்களில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கட்டும். ஆழம் இருப்பதாகக் கண்ணை நம்பவைப்பது நிழல். மேலிருந்து விழும் விளக்கொளி ஒரு திண்டின் விளிம்பில் பட்டு அதன் அடியில் இருளை உண்டாக்கினால், 5 செ.மீ. குடைவும் குகைபோலத் தெரியும்.

உண்மையான திட்டுப் பாறையின் உருவத்தை அறிந்திருப்பது இங்கே பெரிதும் உதவும். கிரானைட் குன்றைப் போல அது ஒரே கட்டியாக உறைந்ததல்ல. பவளங்களின் எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து, சுண்ணப் பாசிகள் அவற்றைக் காரை பூசியதுபோல் இணைத்து உருவானது அது. கட்டப்படும் போதே அது குடையவும் படுகிறது. கிளியோனா போன்ற கடற்பஞ்சுகள் நுண்துளைகளைத் துளைக்கும். லித்தோஃபாகா என்ற சிப்பி விரல் நுழையும் அளவு துளையிடும். கடல் முள்ளெலிகள் கிண்ணம்போல் சுரண்டும். அலை பெரிய குகைகளைப் பறிக்கும். ஆகவே உண்மையான பாறையில் பெரிய பொந்துகள் சில, நடுத்தரக் குழிகள் பல, சிறு துளைகள் எண்ணற்றவை. எல்லாக் குழிகளையும் ஒரே கரண்டியால் ஒரே அளவில் தோண்டிய சுவர், எவ்வளவு நேர்த்தியாக வண்ணம் தீட்டினாலும் பொம்மையாகவே நிற்கும். திண்டுகளும் அப்படித்தான்: சம இடைவெளியில் படிக்கட்டுபோல் அமைந்தால் செயற்கை வெளிப்பட்டுவிடும். ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் வெறுமையாகவும் இருப்பதே இயற்கைக்கு அருகில் வரும்.

சுவர் முழுவதையும் சிமெண்டில் வார்த்தால் எடை தாங்காது, கண்ணாடிக்கும் ஆபத்து. அதனால் உள்ளீடாக இலேசான நுரைப் பொருளை வைத்து மேலே மெல்லிய ஓடு பூசுவதே வழக்கம். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் தெர்மோகோல் இதற்கு ஏற்றதல்ல. அது சிறு மணிகள் ஒட்டி உருவானது. செதுக்கும்போது மணிகள் உதிர்ந்து, பின்னாளில் நீரில் மிதந்து பம்பின் வாயை அடைக்கும். எக்ஸ்.பி.எஸ். எனப்படும் அடர்ந்த பாலிஸ்டைரீன் பலகையில் அந்தத் தொல்லை இல்லை, கத்திக்கும் நன்றாக வளைந்துகொடுக்கும். கட்டட வெப்பத்தடுப்புப் பலகைகளில் ஒரு காலத்தில் பரவலாகச் சேர்க்கப்பட்ட எச்.பி.சி.டி. என்ற தீத்தடுப்பு வேதிப்பொருள் 2013இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நச்சுப் பட்டியலில் ஏறியது. பழைய கட்டடத்தில் பெயர்த்த பலகையைத் தொட்டிக்குக் கொண்டுவரக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம். பலகைகளுக்கு இடையிலான சந்துகளை நிரப்பவும் உருண்டு திரண்ட வடிவங்களுக்கும் டப்பாவில் வரும் பாலியூரித்தேன் நுரை உதவும். அது காற்றின் ஈரத்தைக் கொண்டு இறுகுவது. அடைபட்ட இடத்தில் மொத்தமாகப் பீய்ச்சினால் உள்பகுதி ஈரமாகவே தங்கிவிடும். அடுக்கடுக்காக, ஒன்று இறுகிய பின் அடுத்தது என்று போட வேண்டும். இறுகும் முன் அதன் ஆவி மூச்சுக்குழலை எரிச்சலூட்டும், தோலில் பட்டால் எளிதில் போகாது. காற்றோட்டமும் கையுறையும் கட்டாயம்.

இனி மிதப்பு. இந்த வேலையில் அதிகம் தவறாகக் கணிக்கப்படுவது இதுதான். எடுத்துக்காட்டுத் தொட்டியில் நீர் மட்டம் 55 செ.மீ. என்றும் சுவரின் சராசரி கனம் 6 செ.மீ. என்றும் கொண்டால், நுரையின் கனஅளவு 120 × 55 × 6, அதாவது ஏறத்தாழ 40 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ. அவ்வளவு நீரை விலக்கும் பொருளை ஆர்க்கிமிடீஸ் விதிப்படி சுமார் 41 கிலோ விசை மேலே தள்ளும். நுரையின் சொந்த எடையோ ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். அதன்மேல் அரை செ.மீ. கனத்தில் பூசிய சிமெண்ட் ஓடு, மேடுபள்ளங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 5 லிட்டர் வரும். காற்றில் 10 கிலோ எடையுள்ள அது நீருக்குள் 5 கிலோ அளவுக்கே கீழே இழுக்கும். கழித்துப் பார்த்தால் 34 கிலோவுக்குக் குறையாத விசை சுவரை இரவும் பகலும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இதில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. மிதப்பு விசை எழ வேண்டுமானால் பொருளின் அடியில் நீர் புக வேண்டும். சுவரின் அடிப்பகுதி தொட்டியின் தளத்தோடும் முதுகு பின்கண்ணாடியோடும் நீர் புகாமல் முற்றிலும் ஒட்டியிருந்தால், நீரின் அழுத்தம் முன்னும் மேலும் மட்டுமே செயல்பட்டு, சுவரைக் கண்ணாடியோடு இன்னும் இறுக்கமாக அழுத்தும். ஒரு மயிரிழைச் சந்து வழியே நீர் பின்னால் புகுந்த கணம் நிலைமை தலைகீழாகும். முழு விசையும் விழித்துக்கொள்ளும். ஆகவே விளிம்பு முழுவதையும் விட்டுவிடாமல் அடைக்க வேண்டும். அதே வேளையில் எங்காவது நீர் புகும் என்று எண்ணியே பசையின் வலிமையைத் தீர்மானிக்க வேண்டும்.

பசை என்றால் சிலிகோன்தான். காடி வாசனையோடு இறுகும் சாதாரண வகை கண்ணாடியில் அற்புதமாகப் பிடிக்கும். குளியலறைக்கென்று விற்கும் வகையில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும். அது தொட்டிக்கு ஆகாது. கட்டடக் கண்ணாடி முகப்புகளில் சிலிகோனுக்கு அனுமதிக்கப்படும் தகைவு 0.14 மெகாபாஸ்கல். அந்தக் கணக்கில் சுவரின் முதுகில் பத்தில் ஒரு பங்கு பரப்பு ஒட்டியிருந்தாலே தேவையைப் போல் பல மடங்கு வலிமை கிடைத்துவிடும். அப்படியிருந்தும் சுவர்கள் பெயர்ந்து மிதப்பதற்குக் காரணம் பசையின் வலுக்குறைவு அல்ல. கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும். அல்லது நுரையின் மெல்லிய மேல்தோல் உரிந்திருக்கும். அல்லது பசை இறுகியே இருக்காது. சிலிகோன் காற்றின் ஈரத்தால், வெளியிலிருந்து உள்நோக்கி, நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வீதம் இறுகுவது. பலகை முழுக்க அப்பிக் கண்ணாடியோடு அழுத்தினால் நடுவிலுள்ள பசைக்கு ஈரம் எட்டவே எட்டாது. கோடு கோடாக இட்டு, இடையே காற்று போக இடம் விட்டு, ஒரு வாரம் காய்ந்த பின் விளிம்பை அடைப்பதே சரியான வரிசை. பலகையின் முதுகை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்வதும், கண்ணாடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைப்பதும் சில நிமிட வேலைகள்தான். ஆனால் சுவரின் ஆயுள் அவற்றில்தான் அடங்கியிருக்கிறது. அக்ரிலிக் தொட்டியில் சிலிகோன் சரியாகப் பிடிக்காது. அங்கே சுவரை மேல்விளிம்பின் கீழ் செருகி நிறுத்தும் அமைப்பு வேண்டும்.

ஒட்டும் முன் கருவிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். நீர் வழிந்தோடும் பெட்டியைச் சுவருக்குள் மறைப்பது அழகு. அதன் வாய் மட்டும் பாறைப் பிளவுபோல் வெளியே தெரிந்தால் போதும். ஆனால் பெட்டிக்குள் ஒரு கை போய்வரும் அளவு திறப்பு மேலே இருக்க வேண்டும், நத்தை விழுந்தால் எடுக்க வேறு வழியில்லை. திரும்பி வரும் நீருக்கான பி.வி.சி. குழாயைச் சுவரில் புதைக்கலாம். வெப்பமூட்டியை ஒருபோதும் புதைக்கக் கூடாது. நுரை உருகும், கண்ணாடிக்குழல் வெடிக்கும். காந்தத்தால் பிடித்து நிற்கும் அலைப்பம்பைப் பொருத்த நினைப்பவர்கள், அதன் காந்தம் சில மில்லிமீட்டர் கண்ணாடியைத் தாண்டித்தான் இழுக்கும், கனத்த சுவரைத் தாண்டி இழுக்காது என்பதை மறந்துவிடக் கூடாது. பக்கக் கண்ணாடியை வெறுமையாக விடுவதோ, பின்சுவரில் உள்ளங்கை அளவு இடத்தைக் கண்ணாடி தெரிய விட்டுவைப்பதோதான் வழி.

சிலர் சுவரைக் கண்ணாடியோடு ஒட்டாமல் 10, 15 செ.மீ. முன்னால் நிறுத்திப் பின்னால் ஓர் அறை உண்டாக்கி, பம்பையும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் அங்கே வைப்பார்கள். அறைக்குள் நீர் வேகமாக ஓடினால் அது நல்ல ஏற்பாடு. ஓடாவிட்டால் கழிவும் தீனித் துகளும் அங்கே படிந்து, உயிர்வளி தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். அது மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். முழுவதும் அடைத்த சுவர், அல்லது பின்னால் நீர் பாயும் சுவர் என இரண்டே வழி. அரைகுறையாக அடைத்த சுவர்தான் ஆபத்தானது.

செதுக்கும் வேலைக்குத் தொட்டியைப் பின்கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்கவைத்தால் வசதி. நுரையின் வழவழப்பான மேல்தோல் எங்கும் எஞ்சக் கூடாது. அதை வெட்டியெடுத்தால் உள்ளே இருக்கும் காற்றுக்குமிழ்கள் திறந்து, பூச்சு பிடித்துக்கொள்ள இடம் தரும். முதலில் பெரிய கத்தியால் மொத்த வடிவம், பிறகு சிறு கத்தியால் பொந்துகள், கடைசியில் கம்பித் தூரிகையால் நுண்துளைகள். திண்டுகளின் மேற்பரப்பு சற்றே முன்னோக்கிச் சரிந்திருக்கட்டும். சமதளமாக விட்டால் கழிவு அங்கே குவியும். உயிரிகளைப் பின்னர் பொருத்த விரும்பினால் அரை அங்குலத் துளைகளை அங்கங்கே விட்டுவைக்கலாம். துருத்தும் பகுதிகளுக்குள் வலுவூட்ட அக்ரிலிக் தண்டோ கண்ணாடியிழைத் தண்டோ செருகலாம். இரும்புக் கம்பி கூடாது. கடல்நீரின் குளோரைடு சிமெண்டை ஊடுருவி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், ஓடு வெடித்துவிடும். கடலோரப் பாலங்கள் விரிசல் விடுவதும் இதே காரணத்தால்தான்.

பூச்சுக்குச் சிமெண்டைத் தேர்ந்தெடுப்பவர் அதன் வேதியியலைத் தெரிந்துகொள்ள வேண்டும். போர்ட்லண்ட் சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினையில் வலிமை தரும் கால்சியம் சிலிக்கேட் கூழ்மத்தோடு, கால்சியம் ஹைட்ராக்சைடு எனும் நீர்த்த சுண்ணாம்பும் உண்டாகிறது; இறுகிய பொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை அதுவே. துளைகளில் தங்கும் நீரின் பி.எச். 12.5ஐத் தாண்டும். கடல்நீர்த் தொட்டிக்கு வேண்டியதோ 8.1 முதல் 8.4 வரை. பி.எச். உயர்ந்தால் அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் உயரும். 8.2 என்ற பி.எச். அளவில், 25 டிகிரி வெப்பத்தில், கடல்நீரிலுள்ள மொத்த அம்மோனியாவில் 7 சதவீதம்தான் மீனைத் தாக்கும் வடிவில் இருக்கும், பி.எச். 9 ஆனால் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். புதுச் சிமெண்ட் சுவருள்ள தொட்டியில் மீன்கள் அடுத்தடுத்துச் சாவதற்கு இந்த இரட்டைத் தாக்குதலே காரணம்.

இந்தச் சுண்ணாம்பைக் குறைக்க ரோமானியர்களுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. நேப்பிள்ஸ் அருகே கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து அவர்கள் கடலுக்குள் துறைமுகச் சுவர்கள் எழுப்பினார்கள். மன்னன் ஏரோது கட்டிய செசாரியா துறைமுகத்துக்கும் அந்தச் சாம்பல் கப்பலில் போனது. சாம்பலின் சிலிக்கா, சுண்ணாம்போடு சேர்ந்து கூடுதல் கூழ்மமாகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சுவர்களின் பகுதிகள் நீருக்குள் நிற்கின்றன. இந்தியக் கடைகளில் பி.பி.சி. என்று கிடைக்கும் சிமெண்டும் இதே தத்துவத்தில் அமைந்தது; அதில் அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை கலந்திருக்கும். சாம்பலில் சிறிதளவு உலோகங்கள் இருக்கக்கூடும் என்பதால் முதுகெலும்பற்ற உயிரிகளை வளர்ப்பவர்கள் சாதாரண சிமெண்டோடு சிலிக்கா புகைத்தூள் பத்தில் ஒரு பங்கு சேர்ப்பதை விரும்புகிறார்கள். தூய்மையிலும் பலனிலும் இதுவே மேல். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று விற்கும் திரவங்களில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததால் அவற்றைத் தொடாமலிருப்பது நல்லது.

சிமெண்ட் ஒரு பங்குக்கு நொறுக்கிய சிப்பியோ அரகோனைட் மணலோ இரண்டு, மூன்று பங்கு என்பது நல்ல விகிதம். கோழித் தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் நொய் இதற்கு ஏற்றது. கழுவி உலர்த்தினால் போதும். கடற்கரை மணல் வேண்டாம். தென் தமிழகக் கடற்கரைகளில் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்கள் கலந்த மணல் பல இடங்களில் உண்டு, இல்மனைட்டில் இரும்பு இருக்கிறது. முதல் பூச்சு வெறும் சிமெண்ட் பால். மோர்ப் பதத்தில் தூரிகையால் நுரையின் துளைகளுக்குள் தேய்த்து ஏற்ற வேண்டும். அது கெட்டிப்படும் முன்பே இரண்டாம் பூச்சு, அதற்கு மேல் இன்னும் ஒன்றிரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர். கடைசிப் பூச்சில் கல்லுப்பைக் கலந்து அழுத்தினால், உப்பு பின்னர் கரைந்து வெளியேறிப் பாறைக்குரிய துளைகளை விட்டுச்செல்லும். ஓட்டை வெயிலில் காயவிடக் கூடாது. ஈரச்சாக்கும் பாலித்தீன் தாளும் போர்த்தி ஒரு வாரமாவது நனைத்துவைக்க வேண்டும். கொத்தனார்கள் புதுத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் இதற்காகத்தான்.

அதன் பிறகு ஊறவைத்தல். தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றி, நான்கு முதல் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காலத்தில் சுண்ணாம்பின் ஒரு பகுதி கரைந்து போகிறது. மேற்பரப்பில் எஞ்சுவது காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது சுவரின் மேல்தோல் உண்மையிலேயே சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. இரண்டு நாள் அசையாமல் நின்ற நீரின் பி.எச். 8.5க்குக் கீழே இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. இறுதிச் சோதனையைக் கடல்நீர்க் கரைசலில் செய்வதே நம்பகமானது. ஆர்.ஓ. நீரில் துளி சுண்ணாம்பும் பி.எச்.சை எகிறச் செய்து வீண் பயம் காட்டும்.

இவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கு எபாக்சி பிசின் உண்டு. நுரையின் மேல் இரண்டு பூச்சு எபாக்சி தடவி, ஈரமாக இருக்கும்போதே அரகோனைட் மணலைத் தூவி அழுத்தினால் முடிந்தது. சுண்ணாம்புத் தொல்லை இல்லை, எடை குறைவு, ஒரு வாரத்தில் முழுதாய் இறுகும். பிசினையும் இறுக்கியையும் சொன்ன விகிதத்தில் எடைபோட்டுக் கலக்காவிட்டால் வினைபுரியாத மிச்சம் நீரில் கசியும் என்பது ஒன்றே கவனிக்க வேண்டியது. செலவு அதிகம். நுண்துளை அமைப்பும் சிமெண்ட் அளவுக்கு வராது.

வண்ணத்துக்காகப் பலர் நேரத்தைச் செலவிடுகிறார்கள். இரும்பு ஆக்சைடு நிறமிகள் கடல்நீரில் கரையாதவை, பாதுகாப்பானவை. பொந்துகளுக்குள் கருமை, மேடுகளில் இளநிறம் போதும். செம்பு கலந்த பச்சை, நீல நிறமிகளை நெருங்கவே விடக் கூடாது. எப்படியும் சில மாதங்களில் முதலில் பழுப்புப் பாசி, பின் பச்சை, பின் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சுண்ணப் பாசி சுவரை மூடிவிடும். இந்தச் சிவப்புப் பாசிக் குடும்பம் தன் செல்சுவரில் மெக்னீசியம் மிகுந்த கால்சைட்டைப் படியவைக்கிறது. கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கும் மெக்னீசியம் 1250க்கும் குறையாமல் இருந்தால் அது செழிக்கும். ஆகவே கைவேலையின் முழுக் கவனமும் வடிவத்துக்கே போக வேண்டும். நிறத்தைப் பாசி பார்த்துக்கொள்ளும்.

சுவர் வந்ததும் தொட்டியின் கொள்ளளவு மாறிவிடுகிறது. 55 செ.மீ. மட்டத்தில் 396 லிட்டர் பிடிக்க வேண்டிய தொட்டியில், 45 லிட்டரைச் சுவர் எடுத்துக்கொண்ட பின் ஏறத்தாழ 350 லிட்டரே நிற்கும். மணலும் கல்லும் இன்னும் குறைக்கும். பழைய கணக்கில் மருந்து ஊற்றினால் எட்டில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும். முதல் முறை கடல்நீர் நிரப்பும்போதே எத்தனை லிட்டர் ஊற்றப்பட்டது என்று எழுதிவைத்துக்கொள்வது பிற்காலத்துக்கு உதவும். செம்பு மருந்தைச் சுவருள்ள தொட்டியில் ஊற்றவே கூடாது. சுண்ணாம்புப் பரப்பு செம்பைப் பிடித்துவைத்துப் பின்னர் மெல்ல விடும். இறாலும் நத்தையும் அதைத் தாங்காது. நோயுற்ற மீனுக்குத் தனித் தொட்டியே மருத்துவமனை.

சுவரையே முழு வடிகட்டியாக நம்பிவிடவும் முடியாது. அதன் மேற்பரப்பில் குடியேறும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தச் சுழற்சி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், அதுவரை மீன் விடலாகாது. ஆனால் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியாக்களுக்கு உயிர்வளி எட்டாத ஆழ்துளைகள் வேண்டும். அரை செ.மீ. ஓட்டில் அதற்கு இடமில்லை. நுண்துளை மிகுந்த செயற்கைப் பாறைகள் சிலவற்றைச் சுவருக்கு முன்னால் தனியே வைப்பதும், ஸ்கிம்மரும், மாதந்தோறும் ஒரு பங்கு நீரை மாற்றுவதும் அந்தக் குறையை ஈடுசெய்யும். பாசியைச் சுரண்டித் தின்னும் கடல் முள்ளெலிகள் மெல்லிய ஓட்டையும் சுரண்டி நுரையை வெளிக்காட்டிவிடும். அவற்றை இத்தகைய தொட்டியில் சேர்ப்பதில்லை.

பராமரிப்பு எளிது. வாரம் ஒருமுறை கைப்பம்பாலோ சிறு அலைப்பம்பாலோ பொந்துகளுக்குள் நீரைப் பாய்ச்சினால் படிந்த கழிவு கிளம்பி வடிகட்டிக்குப் போய்விடும். விளிம்பில் பசை விட்டுப்போய்ச் சுவர் அசைவது தெரிந்தால், நீருக்குள்ளேயே ஒட்டு போட முயல்வது வீண்; ஈரக் கண்ணாடியில் சிலிகோன் பிடிக்காது. மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, நீரை வடித்து, கண்ணாடிக்கும் நுரைக்கும் நடுவே கனத்த தூண்டில் நரம்பை அறுப்புக் கம்பிபோல் இழுத்துச் சுவரை விடுவித்து, இரு பரப்பையும் சுத்தம் செய்து, முதலிலிருந்து ஒட்டுவது ஒன்றே தீர்வு. அந்த நிலை வராமலிருக்க, கடல்நீரும் மீனும் உள்ளே போகும் முன்பு, ஊறவைக்கும் வாரங்களிலேயே சுவரின் மேல்விளிம்பைக் கையால் அழுத்தியும் இழுத்தும் சோதித்துவிடுங்கள்.